அவுட்போர்டு இஞ்சினில் படிந்த ஆயிலைப் பெயிண்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

வீராம்பட்டினத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. படகின் பின்பலகையில் மாட்டி, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின் ஒன்றைக் கைமாறி வந்ததாக, ஃபைபர் படகுக்காக வாங்கியிருக்கிறீர்கள். மேல்மூடியின் அடி ஓரத்திலும், இஞ்சினையும் கீழே உள்ள கியர் பெட்டியையும் இணைக்கும் நடுக்கால் நெடுகிலும், கியர் பெட்டியைச் சுற்றியும் ஆயில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது. தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்கிறார் ஒருவர், காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர், டீசல் துணியே போதும் என்கிறார்கள் படகில் கூட வருபவர்கள். பெயிண்ட் கெடாமல் இவற்றில் எதைப் பயன்படுத்துவது? இதற்கு விடை சொல்வதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு: இஞ்சின் மேல் இருப்பது கம்பெனி பெயிண்டா, பட்டறைப் பெயிண்டா என்பதும், அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிற ஆயில் என்பதும். சுருக்கமான விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்னீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, அதற்கும் போகாத இடத்தில் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன், மீண்டும் சோப்பு, மீண்டும் நன்னீர். தின்னரும் காஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம்.

நான் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் பிரிவில் படித்தவன். அதன்பின் கடலூர் முதுநகர்ப் பக்கம் அவுட்போர்டு இஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பதும், அரித்துப்போன கால்களுக்குப் பெயிண்ட் அடிப்பதுமாகப் பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். உங்கள் இஞ்சினை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், எதைப் பார்த்தால் என்ன முடிவுக்கு வரலாம் என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன். பார்த்து முடிவெடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் பெயிண்ட். அவுட்போர்டு இஞ்சினின் நடுக்காலும், கியர் பெட்டி உள்ள கீழ்க்காலும் அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டவை. அலுமினியத்தின் மேல் பெயிண்ட் லேசில் பிடிக்காது என்பதால், கம்பெனியில் அதை வேதிமுறையில் பக்குவப்படுத்தி, பிரைமர் அடித்து, அதற்குமேல் நிறம், அதற்கும்மேல் பளபளப்பான கிளியர் பூச்சு என அடுக்கடுக்காக ஏற்றி, சூட்டில் வைத்து இறுக வைக்கிறார்கள். மேல்மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது நாரிழை கலந்த வார்ப்பு. அதில் பூச்சின் முறை வேறு, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களும் வேறு. சூட்டில் இறுகிய கம்பெனி பெயிண்ட் திடமானது. பெட்ரோல் ஊற்றும்போது சிந்துவதும், ஆயில் வழிவதும் அவுட்போர்டுக்கு அன்றாடம் நடப்பவைதான். அவை சிறிது நேரம் பட்டதால் மட்டும் நல்ல நிலையில் உள்ள கம்பெனி பூச்சு கரைந்துபோகாது. ஆனால் கைமாறி வரும் இஞ்சின்களில் கணிசமானவை வழியில் எங்கோ ஒரு பட்டறையில் மறுபெயிண்ட் கண்டவை. அங்கே அடிப்பது பெரும்பாலும் தின்னரில் கரைத்து அடிக்கும் லாக்கர் பெயிண்டாகவோ, காற்றில் காயும் சாதாரண எனாமலாகவோ, டப்பா ஸ்பிரேயாகவோ இருக்கும். லாக்கர் என்பது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிற பூச்சு. எத்தனை ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் அது மறுபடி கரையும். எனாமல் கரையாது, ஆனால் தின்னர் பட்டால் ஊறிச் சுருங்கிக் கிளம்பிவிடும். உங்களுக்குத் தின்னரைப் பரிந்துரைத்தவர் கம்பெனி பூச்சு உள்ள இஞ்சினில் அதைச் செய்து பார்த்துத் தப்பித்திருக்கலாம். அதே துணியை மறுபெயிண்ட் இஞ்சினில் வைத்தால் ஒரே இழுப்பில் பிரைமர் தெரியும்.

எந்த வகைப் பெயிண்ட் என்று அறிய ஒரு சோதனை உண்டு. படகின் பின்பலகையில் மாட்டும் கிளாம்புக்குப் பின்னால், வெளிப்பார்வைக்குத் தெரியாத ஓர் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்து காயவிடுங்கள். பிறகு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் மட்டும் நனைத்து அங்கே தேய்த்துப் பாருங்கள். அப்போதே துணியில் நிறம் ஏறினால், வெயிலில் பூச்சின் மேற்பரப்பு பொடிந்துபோயிருக்கிறது என்று பொருள்; எந்தத் திரவம் போட்டாலும் நிறம் வரத்தான் செய்யும், அதை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது. தண்ணீருக்கு நிறம் வராத நிலையில், துணியின் ஒரு முனையில் இரண்டு சொட்டுத் தின்னர் தொட்டு அதே இடத்தில் மெதுவாகப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் பிசுபிசுப்பாகத் துணியில் வந்தால் லாக்கர். சில நிமிடங்களில் மேற்பரப்பு சுருங்கினால் எனாமல். இரண்டும் இல்லாமல் பளபளப்பும் அப்படியே இருந்தால் கம்பெனி பூச்சாகவோ, ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த நல்ல பட்டறைப் பூச்சாகவோ இருக்க வேண்டும். தின்னருக்கு இந்த வேலையில் இருக்கும் ஒரே பயன் இந்தச் சோதனைதான். மேல்மூடியில் இதைச் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் பூச்சு மட்டுமல்லாமல் பிளாஸ்டிக்கே மங்கிப்போகலாம்.

இனி ஆயில். நடுக்காலிலும் கீழே புரொப்பெல்லர் நடுவிலிருந்தும் வரும் கறுப்பு, டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பெரும்பாலும் புகைப்போக்கு வழியாக வரும் எரியாத ஆயிலும் கரியும் சேர்ந்ததுதான். நடுக்காலின் பின்புறம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சிறிய புகைத்துளை இருக்கும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை அதன் வழியே வெளியேறும். அதற்குக் கீழே கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அது பழுது அல்ல. பெட்ரோலில் ஆயிலை அளவுக்கு மேல் கலந்தால் இந்தக் கறுப்பு அதிகமாகும். இப்போதைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின்கள் பலவற்றுக்கு, புது இஞ்சின் பழகி முடிந்தபின், 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பதே அளவு, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் மாடலுக்கு உரியதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூட ஊற்றினால் இஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்று கண்ணால் பார்த்து ஊற்றும் வழக்கம் நம் கரையில் இருக்கிறது. அதனால் பிளக்கும் புகைப்போக்கும் கரி பிடிக்கின்றனவே தவிர வேறு பயன் இல்லை. மேல்மூடியின் ஓரத்தில் வழிவது வேறு: கார்புரேட்டரிலிருந்தோ, பெட்ரோல் குழாய் இணைப்பிலிருந்தோ கசியும் ஆயில் கலந்த பெட்ரோலில் பெட்ரோல் ஆவியாகிப் போய் ஆயில் மட்டும் தங்கிவிடுகிறது. கியர் பெட்டியைச் சுற்றிக் கெட்டியாக, மூக்கைப் பிடுங்கும் கந்தக வாடையுடன் இருந்தால் அது கியர் ஆயில். இந்த மூன்றாவதை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

சுத்தம் செய்யும் முறையில் பலரும் கவனிக்கத் தவறுவது முதல் படியை. ஆயில் படிந்த இடத்தில் ஆயில் மட்டும் இருப்பதில்லை. கடல் தண்ணீர் காய்ந்த உப்பும், கரையிலிருந்து பறந்து வந்த மணலும் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அதன்மேல் நேரடியாகத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால், திரவம் எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் மணல் கிளியர் பூச்சைக் கீறிவிடும். தின்னரால் கெட்டதென்று என்னிடம் கொண்டுவரப்பட்ட இஞ்சின்கள் பலவற்றில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்களைத்தான் பார்த்தேன். அவை மணலோடு தேய்த்த துணியின் வேலை. ஆகவே, இஞ்சின் முழுவதும் ஆறியபின், நிழலில் ஸ்டாண்டில் மாட்டி, மேல்மூடியைப் பூட்டிய நிலையில், குழாயில் வரும் நன்னீரை அழுத்தம் இல்லாமல் மேலிருந்து கீழே ஐந்து நிமிடமாவது ஓடவிடுங்கள். மணலும் பெரும்பகுதி உப்பும் இதிலேயே இறங்கிவிடும். கடலோரக் குப்பங்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருப்பது உண்டு. அப்படியானால் கடைசி அலசலுக்காவது இரண்டு குடம் குடிதண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மூடி கலந்து, மெல்லிய ஸ்பாஞ்சு அல்லது பழைய பருத்திப் பனியன் துணியால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். துணியை அடிக்கடி இன்னொரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்க வேண்டும். ஒரே வாளியாக இருந்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவோம். சோப்புத் தண்ணீர் பூச்சின்மேல் காய விடாதீர்கள். பாத்திரம் துலக்கும் தூளும், கட்டி சோப்பும், பச்சை நார்த்துண்டும், இரும்பு நாரும் இந்த வேலைக்கு ஆகாதவை. தூளிலும் கட்டியிலும் சுண்ணாம்புக்கல் மாவு போன்ற தேய்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. இரும்பு நாரின் துகள்கள் அலுமினியத்தில் புதைந்து, துருப்பிடிப்பதோடு சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்க வைக்கும். புதிதாகப் படிந்த ஆயில் இந்தச் சோப்புக்கே போய்விடும். இரண்டாவது முறையும் சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

போகாமல் நிற்பது சூட்டில் இறுகிய பழைய ஆயில். அதற்கு மண்ணெண்ணெயோ, பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனோ போதும். நேரடியாக ஊற்ற வேண்டாம். துணியை அதில் நனைத்து, பிழிந்து, கறை மேல் ஒட்டினாற்போல் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். ஊறிய கறை பிறகு அழுத்தமில்லாமல் துணியில் ஏறிவிடும். அழுத்தத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் பெயிண்டைக் காப்பாற்றும் வழி. இடுக்குகளில் பழைய பல்தேய்க்கும் பிரஷ் பயன்படும். சோதனையில் எனாமல் என்று தெரிந்திருந்தால் துணியை இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்காமல், தேவையானால் மறுபடி மறுபடி செய்யலாம். லாக்கருக்கு மினரல் டர்பன்டைன் தீங்கில்லை, தின்னர்தான் எமன். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சோப்பால் கழுவிவிட வேண்டும்; மண்ணெண்ணெயின் பிசுக்கு தங்கினால் அடுத்த மணல் அதிலேயே வந்து ஒட்டும்.

டீசல் துணியின் குறையும் இதுவே. டீசல் ஆயிலைக் கரைக்கும் என்பது உண்மைதான். துடைத்த உடனே இஞ்சின் புதிதுபோல் மின்னுவதும் உண்மை. ஆனால் அந்த மினுக்கம் என்பது ஆவியாகாமல் தங்கிவிட்ட டீசல் படலம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரின் பசையை ஊற வைக்கும். இயற்கை ரப்பராக இருந்தால் அதையும் உப்ப வைக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காத நேரத்தில் டீசலைப் பயன்படுத்தினால், பின்னால் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். பெட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல, தீ. பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக் கூடியது. மண்ணெண்ணெய்க்கு அந்த வரம்பு 35 டிகிரிக்கு மேல் என்றாலும், நம் ஊரில் கத்திரி வெயிலில் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடுகிறது. ஆகவே பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேல்மூடியைக் கழற்றி உள்ளே துடைப்பதானால் முதலில் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். உள்ளே தண்ணீரைப் பீய்ச்சுவது, பிரஷர் வாட்டர் அடிப்பது இரண்டும் கூடாது. இக்னிஷன் இணைப்புகளிலும் கார்புரேட்டரின் காற்றுவாயிலும் தண்ணீர் புகும். வெளியிலும் பிரஷர் வாட்டர் வேண்டாம் என்பதே என் கருத்து: பெயிண்டில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அந்த அழுத்தம் அதன் ஓரத்தைப் பிடித்து உரித்துவிடும்.

காஸ்டிக் சோடாவைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஆயிலை எடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அலுமினியத்தையும் எடுக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை. அலுமினியத்தைக் காற்றிலும் நீரிலும் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். காஸ்டிக் அந்தப் படலத்தைக் கரைத்து, அடியிலுள்ள உலோகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது. சோனாங்குப்பத்திலிருந்து ஓர் இஞ்சின் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, புரொப்பெல்லருக்கு அடியில் துருத்தி நிற்கும் தகட்டில், மணலில் இடித்துப் பெயிண்ட் பெயர்ந்திருந்த ஒரு விரல்நக அகல இடத்தில், காஸ்டிக் ஊற்றியதால் உலோகம் சாம்பல் கறுப்பாகிக் குழி விழுந்திருந்தது. குழியின் ஓரத்தில் கத்தி நுனியை வைத்ததும் சுற்றியிருந்த பெயிண்ட் உள்ளங்கை அளவுக்குத் தோலாக எழுந்து வந்தது. மேலே பூச்சு முழுதாகத் தெரிய, அடியில் புகுந்து பரவுவதுதான் இதன் கெடுதல். சலவைச் சோடாவும், அது கலந்த துணி துவைக்கும் தூளும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் அலுமினியத்துக்கு ஆகாதவை. கடையில் விற்கும் டிகிரீசர் (ஆயில் பிசுக்கை எடுக்கும் திரவம்) வாங்குவதானால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின்னும் புகைத்துளையைச் சுற்றிப் பழுப்பாக நிழல்போல் ஏதாவது மிஞ்சலாம். அது பூச்சின் மேல் இருக்கிறதா, பூச்சுக்குள் இறங்கிவிட்டதா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. கார்களுக்குப் போடும் மிக மெல்லிய பாலிஷ் ஒன்றை மெத்தென்ற துணியில் எடுத்து ஒரு சதுர அங்குலத்தில் தேய்த்துப் பாருங்கள். குறைந்தால் மேலே இருக்கிறது, தொடரலாம். குறையாவிட்டால் விட்டுவிடுவதுதான் சரி, ஏனெனில் மேலும் தேய்த்தால் கிளியர் பூச்சு முடிந்து நிறம் வரத் தொடங்கும். ஆயில் போனதும் சில இடங்களில் கொப்புளங்கள் தெரியலாம், குத்தினால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். அது சுத்தம் செய்ததால் வந்தது அல்ல. உப்பு முன்பே உள்ளே புகுந்து அலுமினியத்தை அரித்திருக்கிறது, ஆயில் மறைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை நன்றாகச் சுரண்டி, நன்னீரில் கழுவிக் காயவைத்து, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ அடித்த பிறகே நிறம் அடிக்க வேண்டும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயிண்ட் மிஞ்சியிருக்கிறதே என்று அதை இஞ்சின் காலில் அடித்துவிடாதீர்கள். செம்பும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

கீழ்க்காலிலும் கிளாம்பிலும் பெயிண்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி திருகியிருக்கும், அனோடு என்பார்கள். இஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காப்பது அதன் பணி. ஆயில் படிந்த அனோடு அந்தப் பணியைச் சரிவரச் செய்யாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்பால் கழுவி, அதன்மேல் பெயிண்டோ, மெழுகோ, கிரீஸோ படாமல் விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது போடுங்கள். மற்ற பெயிண்ட் பரப்புக்குக் கார் மெழுகு ஒரு பூச்சு கொடுத்தால், அடுத்த முறை படியும் ஆயில் சோப்புக்கே போய்விடும்.

இந்த வேலையைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகப் படித்துறையிலோ, இங்கே உப்பனாற்றுக் கரையிலோ செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்கிற தண்ணீர் அது. சோப்பு கலந்த ஆயில் மிதக்காமல் தண்ணீருக்குள்ளேயே கரைந்து பரவும். துடைத்த துணியையும் வடித்த ஆயிலையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய ஆயிலை 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமம் பெற்றவர்களிடம் சேர்ப்பதற்காக அதைச் சேர்த்து வைக்கும் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே கொடுத்துவிடலாம்.

இனி கியர் ஆயில். சுத்தம் செய்து முடித்த இஞ்சினில் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. அடுத்து கடலுக்குப் போய் வந்ததும், காலை நேராகத் தொங்கவிட்டு, அடியில் அட்டை ஒன்றை விரித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். புகைத்துளையைச் சுற்றிக் கறுப்பு தெரிந்தால் ஆயில் கலவையைச் சரிபார்த்தால் போதும். மேல்மூடி ஓரம் நனைந்திருந்தால் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரையும் பாருங்கள். அது தீ அபாயம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். புரொப்பெல்லர் நடுப்பகுதியிலிருந்து அட்டையில் சொட்டியிருந்தால், புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள்: அறுந்த தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) அங்கே சுற்றிக்கொண்டு, ஆயில் வெளியேறாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருப்பது நம் கரையில் அடிக்கடி காண்பது. அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி இரண்டு ஸ்பூன் ஆயிலை வடித்துப் பார்த்தால் மிச்சமும் தெரியும். ஆயில் தெளிவாக இருந்தால் நரம்பை எடுத்துவிட்டு, சீல் மாற்றும் நாளை நீங்கள் தீர்மானிக்கலாம். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. சீலையும் டிரெயின் போல்ட் வாஷர்களையும் மாற்றிப் புது கியர் ஆயில் நிரப்பும்வரை அந்த இஞ்சினை ஓட்டாதீர்கள், பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடிக்கச் சில நாட்களே போதும்.